உயரக் கட்டடம் எங்கே முளைக்கும்? பாரிமுனையிலிருந்து சிறுசேரி வரை ஒரு சின்ன வரலாறு



லீவுக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவது வழக்கம். ரொம்ப சந்தோஷம். முன்பெல்லாம் பேச்சு சம்பளம், கல்யாணம், குழந்தை என்று போகும். இப்போது யார் வந்தாலும் முதல் பேச்சு டிராபிக்தான். "ஆபீஸை எல்லாம் ஏன் டீச்சர் கொண்டுபோய் ஒரே இடத்துல குமிச்சு வச்சிருக்காங்க? போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. வரலாறு வாத்தியாரிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும். பொறுமையாகப் படியுங்கள். இதன் கடைசியில் உங்களுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் – ராஜபாளையம் ரோட்டில் பஸ்ஸில் வரும்போது கவனித்திருப்பீர்கள். ஊர் உள்ளே இருக்கும். ஆனால் டீக்கடை, உரக்கடை, செல்போன் கடை எல்லாம் விலக்கில்தான் இருக்கும். ஊருக்குள் இருக்கும் கடைக்கு ஒரு வாடகை, விலக்குக் கடைக்கு அதைவிடக் கூடுதல் வாடகை. மண் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். வித்தியாசம், விலக்கில் பஸ் நிற்கிறது என்பதுதான். மனுஷன் எங்கே இறங்குகிறானோ அங்கே மண்ணுக்கு விலை ஏறுகிறது. மண்ணுக்கு விலை ஏறினால் அதே மண்ணை இரண்டு முறை, மூன்று முறை பயன்படுத்தத் தோன்றுகிறது. அதாவது, மாடி எழும்புகிறது. சென்னை, மும்பை, நியூயார்க் எல்லாவற்றுக்கும் அடிப்படைச் சூத்திரம் இதுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பெரிய கம்பெனி ராம்கோ சிமெண்ட்ஸ். அதன் பதிவு அலுவலகம் ராஜபாளையம் ராமமந்திரத்தில் இருக்கிறது. கார்ப்பரேட் அலுவலகமோ சென்னை மயிலாப்பூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கிறது. ஆலை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சுண்ணாம்புக்கல் கிடைக்கிற இடத்தில், பஞ்சு கிடைக்கிற இடத்தில், ஆள் கிடைக்கிற இடத்தில் ஆலை நிற்கும். ஆபீசுக்கு வேண்டிய மூலப்பொருள் வேறு: பேங்க்காரர், ஆடிட்டர், வக்கீல், அரசாங்க அதிகாரி, வெளியூர் வியாபாரி. இவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து போகக்கூடிய இடம்தான் ஆபீசுக்குச் சரிப்படும். அதனால்தான் ஆபீஸ் கட்டடங்கள் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்கின்றன.

சென்னையில் அப்படி முதலில் ஒட்டிக்கொண்ட இடம் கடற்கரை ஓரம். இன்றைய ராஜாஜி சாலை, பாரிமுனை. ஏன் அங்கே? கப்பல். ஒரு காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் சரக்கும் ஆளும் கரை சேர வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள். அதைச் சுற்றியே தபால் தலைமை அலுவலகம் 1884இலும், உயர் நீதிமன்றம் 1892இலும், இன்று ஸ்டேட் பாங்க் இருக்கிற மெட்ராஸ் பாங்க் கட்டடம் 1897இலும் எழுந்தன. 1788இல் வந்த தாமஸ் பாரி என்ற வியாபாரியின் பெயர்தான் அந்த முனைக்கே நின்றுவிட்டது.

சரி, முதலாளி கோச்சு வண்டியில் வந்தார். குமாஸ்தா எப்படி வந்தார்? அதற்குத்தான் டிராம். 1895 மே மாதம் சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மின்சார டிராம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பல்லாவரம் என்று வீடுகள் தெற்கே பரவின. காலையில் அவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கோட்டை, கடற்கரை நிலையங்களில் இறக்கியது அந்த ரயில். 1940இல் பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ் கட்டடம் அதே முனையில் திறக்கப்பட்டது. கப்பல், டிராம், ரயில் மூன்றும் சந்திக்கிற புள்ளியில், அந்நாளைக்கு உயரமான ஓர் ஆபீஸ் கட்டடம். கட்டடம் வந்த பிறகு வண்டி வரவில்லை. வண்டி வந்த இடத்தில் கட்டடம் வந்தது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் என்று சொல்லும்போது இன்னொரு வண்டியை மறக்கக் கூடாது. அது மேலும் கீழும் ஓடுகிற வண்டி, லிஃப்ட். லிஃப்ட் வருவதற்கு முன் உலகம் முழுக்க நாலு, ஐந்து மாடிதான். படியேற யாருக்கும் தெம்பில்லை, மேல் மாடிக்கு வாடகை குறைவு. 1857இல் நியூயார்க்கில் ஓட்டிஸ் கம்பெனியின் முதல் பயணிகள் லிஃப்ட் வந்தது. 1885இல் சிகாகோவில் இரும்புச் சட்டத்தின் மேல் 10 மாடிக் கட்டடம் எழுந்தது. 1897இல் அதே சிகாகோவின் நகர மையத்தைச் சுற்றி வளையமாக மேம்பால ரயில் ஓடியது. அந்த வளையத்துக்கே 'லூப்' என்று பெயர். சிகாகோவின் ஆபீஸ் கோபுரங்கள் அங்கேதான் நெருக்கமாக நின்றன. தரையில் ரயில் ஆயிரக்கணக்கில் ஆளை இறக்குகிறது, லிஃப்ட் அவர்களை வாங்கி மேலே ஏற்றுகிறது. இரண்டும் ஒரே பயணத்தின் இரண்டு பாதி.

இப்போது மவுண்ட் ரோடுக்கு வருவோம். எங்கள் தலைமுறைக்குப் பட்டணம் என்றால் எல்.ஐ.சி. கட்டடம்தான். சினிமாவில் கிராமத்து ஆள் சென்னைக்கு வந்துவிட்டார் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷனையும் எல்.ஐ.சி.யையும் காட்டினால் போதும். அதன் கதை பலருக்குத் தெரியாது. இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை 1937இல் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தன் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனிக்காக 1953இல் ஆரம்பித்த கட்டடம் அது. 1954இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் காலமானார். 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆனது. பாதியில் நின்ற கட்டடம் எல்.ஐ.சி.க்குப் போனது. 1959 ஆகஸ்டில் அன்றைய மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். 14 மாடி, 177 அடி. கொஞ்ச காலம் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான்.

பாரிமுனையை விட்டுவிட்டு அவர் ஏன் மவுண்ட் ரோட்டைத் தேர்ந்தெடுத்தார்? வரைபடத்தைப் பார்த்தால் புரியும். ஜார்ஜ் டவுனில் மனைகள் குறுகல், தெருக்கள் நெருக்கம். மவுண்ட் ரோட்டில் பழைய தோட்ட பங்களாக்கள் இருந்ததால் பெரிய மனைகள் கிடைத்தன. 1920களிலிருந்து தியாகராய நகர் வளர்ந்து, வேலைக்குப் போகிற குடும்பங்கள் தெற்கே வந்துவிட்டன. முக்கியமாக, வண்டி மாறிவிட்டது. 1953 ஏப்ரலில் டிராம் நின்றுபோனது. எல்.ஐ.சி. கட்டடம் ஆரம்பித்த அதே வருடம் என்பதைக் கவனியுங்கள். இனி பஸ்ஸும் காரும்தான். கோட்டையிலிருந்து பரங்கிமலை வரை நேராகப் போகும் அந்த அகலமான ரோடு பஸ்ஸுக்கென்றே போட்டது போல இருந்தது. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1973இல் ஜெமினி மேம்பாலம் திறந்தார்கள். சென்னையின் முதல் மேம்பாலம். பேங்க், இன்சூரன்ஸ், பத்திரிகை, விமானக் கம்பெனி என்று ஆபீஸ்கள் எல்லாம் அந்த ஒரு ரோட்டில் வரிசை கட்டின.

பாரிமுனை கப்பலும் ரயிலும் கொடுத்த இடம். அண்ணா சாலை பஸ்ஸும் காரும் கொடுத்த இடம். இரண்டிலும் ஆளைக் கொண்டுவருகிற வழி முதலில், கட்டடம் அடுத்து.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பயப்படாதீர்கள், கூட்டல் பெருக்கல்தான்.

ஐ.டி. ஆபீசில் ஓர் ஆளுக்கு ஒதுக்கும் இடம் சுமாராக 80 முதல் 100 சதுர அடி. அவர் காரில் வந்தால், காரை நிறுத்தவும் திருப்பவும் சேர்த்து 250 முதல் 300 சதுர அடி வேண்டும். அதாவது ஆளைவிட அவருடைய காருக்கு மூன்று மடங்கு இடம்! 5,000 பேர் வேலை பார்க்கும் கட்டடத்தில் எல்லோரும் காரில் வந்தால், ஆபீசைவிட மூன்று மடங்கு பெரிய கார் நிறுத்தம் கட்ட வேண்டும். அடுத்தது ரோடு. ஒரு வரிசை ரோட்டில் ஒரு மணி நேரத்துக்குப் போகக்கூடியது நல்ல நிலைமையில் 1,500 முதல் 2,000 கார்தான். சென்னை மெட்ரோவின் நாலு பெட்டி ரயில் ஒன்றில் 1,200 பேருக்கு மேல் ஏறலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 14,000 பேர், ஒரே திசையில், ஒரே தண்டவாளத்தில். உயரமான கட்டடங்கள் நெருக்கமாக நிற்க வேண்டுமானால் ரயில் ஏன் தேவை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். காரை நம்பி ஒரு கோபுரம் கட்டலாம். பத்துக் கோபுரம் கட்டினால் ரோடு செத்துவிடும்.

உலகமே வியந்த கட்டடம்கூட இடம் சரியில்லாவிட்டால் திணறும். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல் திறந்தபோது 102 மாடி. ஆனால் வாடகைக்கு ஆள் வரவில்லை. 'எம்ப்டி ஸ்டேட்', அதாவது காலிக் கட்டடம், என்று ஊரே கேலி செய்தது. பொருளாதாரப் பெருமந்தம் முதல் காரணம் என்பது உண்மை. இரண்டாவது காரணமாக வரலாற்றாசிரியர்கள் சொல்வது, அது பெரிய ரயில் நிலையங்களை ஒட்டி இல்லாமல் தள்ளி நின்றது என்பதை. அதற்கு ஒரு வருடம் முன்பு கட்டிய கிரைஸ்லர் கட்டடம் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதன் நிலைமை இவ்வளவு மோசமாகவில்லை.

அப்படியென்றால் ரயில் போட்டால் போதுமா, கோபுரம் தானாக வந்துவிடுமா? வராது. அதற்கும் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. நீங்கள் 'பறக்கும் ரயில்' என்று சொல்கிறீர்களே, அதுதான். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று தவணை தவணையாக வந்தது. பெரிய பெரிய நிலையங்கள் கட்டினார்கள், மேலே கடைகளும் ஆபீஸ்களும் வரும் என்று. பல வருடம் அவை வவ்வால் மண்டபமாகத்தான் கிடந்தன. நிலம் எடுப்பது சுலபம் என்று பாதையைப் பக்கிங்காம் கால்வாய் ஓரமாகவே கொண்டுபோனதால், பல நிலையங்கள் கடைத்தெருவுக்கும் ஆபீசுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இறங்கி நடந்துபோக ஒழுங்கான பாதை இல்லை, நிலையத்து வாசலில் பஸ் இல்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு இணைக்கும் 5 கிலோமீட்டர் துண்டு வேலை பதினைந்து வருடத்தையும் தாண்டி இழுத்தது. விலக்கில் பஸ் நிற்பது மட்டும் போதாது; விலக்கிலிருந்து ஊருக்குப் பாதையும் வேண்டும்.

இனி உங்களில் பாதிப் பேருடைய கதை. பழைய மகாபலிபுரம் ரோடு.

1990களின் கடைசியில் தமிழ்நாடு அரசுக்கு ஐ.டி. கம்பெனிகள் அவசரமாக வேண்டியிருந்தன. பெங்களூரும் ஐதராபாத்தும் முந்திக்கொண்டிருந்தன. அண்ணா சாலையில் பெரிய இடம் இல்லை, இருந்தாலும் விலை கட்டுப்படியாகாது. தரமணியில் அரசு நிலம் இருந்தது, பக்கத்தில் ஐ.ஐ.டி. இருந்தது. டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து டைடல் பார்க்கைக் கட்டின. 'டைடல்' என்ற பெயரே அந்த இரண்டு பெயர்களின் சேர்க்கைதான். 2000 ஜூலையில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். 12 லட்சம் சதுர அடிக்கு மேல். பிறகு ஐ.டி. கட்டடங்களுக்கென்று கூடுதல் தளப்பரப்புச் சலுகை, சோழிங்கநல்லூரில் எல்காட் வளாகம், சிறுசேரியில் சிப்காட் பூங்கா என்று தெற்கே நீண்டுகொண்டே போனது. 2008இல் ஆறு வழிச்சாலை தயாரானது.

அதை அவசரத்தில் செய்த காரியம் என்று நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ரோடு இல்லாவிட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வெளி மாநிலத்துக்குப் போயிருப்பார்கள்! கரிசல் காட்டிலும் மில் வேலையிலும் நின்றிருந்த குடும்பங்களைத் தூக்கிவிட்ட ரோடு அது. ஆனால் வரலாற்றில் முதல் முறையாக வரிசை மாறியது அங்கேதான். வண்டி வந்த இடத்தில் கட்டடம் வரவில்லை. கட்டடம் முதலில் வந்தது, வண்டி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. டைடல் பார்க்குக்குப் பக்கத்துத் திருவான்மியூர் நிலையமே நாலு வருடம் கழித்து, 2004இல்தான் திறந்தது. அங்கிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு ரயிலே கிடையாது. கம்பெனி பஸ், வேன், மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, சொந்த பைக், அவ்வளவுதான். அந்த ரோட்டில் போவதற்குச் சுங்கக் கட்டணமும் கட்டினீர்கள். 2021 ஆகஸ்டில் நாலு சுங்கச்சாவடிகளும், 2023 அக்டோபரில் நாவலூர்ச் சாவடியும் வசூலை நிறுத்தின.

கட்டடம் முன்னால் வந்து வண்டி பின்னால் வந்தால், இடைப்பட்ட காலத்துக்கான செலவை யார் கொடுக்கிறார்கள்? கட்டடம் கட்டியவருக்கு மலிவு நிலம் கிடைத்தது. கம்பெனிக்கு மலிவு வாடகை கிடைத்தது. மீதியை நீங்கள் கொடுத்தீர்கள், பணமாக இல்லை, நேரமாக. இதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குக் கூடுதலாக 2 மணி நேரம் ரோட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 240 வேலை நாள். 480 மணி நேரம். 24ஆல் வகுத்தால் 20 முழு நாள், ராப்பகலாக. 20 வருடம் வேலை பார்த்தால் 400 நாள். ஒரு வருடத்துக்கும் மேலான ஆயுள் பஸ் ஜன்னலோரத்தில் போய்விடுகிறது. குழந்தை விழித்திருக்கும்போது வீட்டுக்குப் போய்ச் சேர முடியாத தகப்பன்மார் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து இரவில் கேப்புக்குக் காத்திருக்கும் பெண் பிள்ளைகளும் இந்தக் கணக்கில்தான். இந்தச் செலவு எந்தக் கம்பெனியின் வரவு செலவிலும் ஏறாது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. லண்டனில் கேனரி வார்ஃப் என்ற இடம். பழைய கப்பல் துறைகள் 1980இல் மூடிய பிறகு, காலியாகக் கிடந்த அந்த இடத்தில் ஒலிம்பியா அண்ட் யார்க் என்ற பெரிய நிறுவனம் ஆபீஸ் நகரம் கட்டியது. 50 மாடிக் கோபுரம் 1991இல் தயாரானது. போக்குவரத்துக்கு இருந்தது 1987இல் திறந்த சின்ன இலகு ரயில் மட்டும். சுரங்க ரயில் வருகிறது, வருகிறது என்றார்கள். வரவில்லை. ரியல் எஸ்டேட்டும் அப்போது சரிந்திருந்தது. 1992இல் கட்டிய நிறுவனமே திவாலானது. 1999இல் ஜூபிலி சுரங்க ரயில் பாதை வந்து சேர்ந்த பிறகுதான் அந்த இடம் தழைத்தது. இன்று லண்டனின் இரண்டாவது நிதி மையம். அங்கே ரயில் தாமதமானதற்கு முதலாளி விலை கொடுத்தார். இங்கே தொழிலாளி கொடுத்தார். அதுதான் வித்தியாசம்.

இதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமானால் கிண்டியைப் பாருங்கள். 1958இல் சிறு தொழிற்பேட்டையாகத் தொடங்கிய இடம். மின்சார ரயில் 1931இலிருந்தே இருக்கிறது, அண்ணா சாலை வாசலில் போகிறது, விமான நிலையம் பக்கம், 2008இல் கத்திப்பாரா மேம்பாலம், பிறகு மெட்ரோ. தொழிற்சாலைகள் மெல்ல விலக, அதே மனைகளில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. பொதிகையில் வந்து தாம்பரத்தில் இறங்குகிற நம் பிள்ளை, நேரே மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கி நடந்தே ஆபீசுக்குப் போய்விடலாம். அதே பிள்ளைக்குச் சிறுசேரியில் வேலை என்றால் கதை வேறு. சம்பளம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் வாழ்க்கை ஒன்றில்லை.

மெட்ரோ வந்தது எப்படி என்பதும் சுவாரசியம். 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் முதலில். 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியில் வண்ணாரப்பேட்டை வரை ஓடியது. அதில் ஒரு நிலையத்தின் பெயரே 'எல்.ஐ.சி.'. 1959இல் திறந்த கட்டடத்தின் வாசலுக்கு 2019இல், சரியாக அறுபது வருடம் கழித்து, ரயில் வந்து சேர்ந்தது. அண்ணா சாலையிடம் பஸ் இருந்ததால் அறுபது வருடம் தாக்குப் பிடித்தது. பழைய மகாபலிபுரம் ரோட்டால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. இரண்டாம் கட்ட மெட்ரோ மூன்று வழித்தடம், மொத்தம் சுமார் 119 கிலோமீட்டர். அதில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் தடம் அந்த ரோட்டின் மேலேயே வருகிறது. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 63,246 கோடி ரூபாய்த் திட்டமாக ஒப்புதல் தந்தது. தூண்களுக்காகத் தடுப்பு வைத்த ரோட்டில் இப்போது நீங்கள் படும் பாடு அதற்காகத்தான்.

ரயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், பாதி சரியாகும். நிலையத்துக்குப் பக்கத்து நிலம் விலை ஏறும். மனை வைத்திருப்பவருக்கு லாபம். வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். ரயில் மிச்சப்படுத்திய நேரத்துக்கு அவர் பில் போட்டுவிடுவார். ஹாங்காங்கில் ரயில் நிறுவனமே நிலையத்துக்கு மேலேயும் பக்கத்திலேயும் வீடும் ஆபீசும் கட்டி, ஏறுகிற நில மதிப்பில் ஒரு பங்கை ரயிலுக்கே திருப்புகிறது. ஊர்ப் பணத்தில் போட்ட ரயிலால் ஏறுகிற மதிப்பு ஊருக்கும் கொஞ்சம் வர வேண்டும் என்பது நியாயம்தானே? நம் ஊரில் அந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் சத்தமாக நடக்க வேண்டும். 2019இல் வந்த கட்டட விதிகள் உயரக் கட்டடங்களுக்கு மனையின் மூன்றேகால் மடங்கு வரை தளப்பரப்பு கட்டலாம் என்று அனுமதித்தன. உயரத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, அத்தனை பேரும் எதில் வருவார்கள் என்ற கேள்வியும் கூடவே கேட்கப்பட வேண்டும்.

'கட்டடம் முன்னால், வண்டி பின்னால்' என்பது ஆபீசோடு நிற்கவில்லை. தெற்கேயிருந்து பஸ்ஸில் போகிற நம் எல்லோருக்கும் அது தெரியும். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். கட்டடம் அருமையாக இருந்தது. பக்கத்திலேயே தண்டவாளம் போகிறது. ஆனால் திறந்த அன்று இறங்கி ஏற ரயில் நிலையம் இல்லை. விடியற்காலையில் மூட்டை முடிச்சோடு, குழந்தையோடு, வயசான அப்பா அம்மாவோடு இறங்கி அலைந்தவர்கள் உங்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் மதுரைக்கும் திருச்சிக்கும் டைடல் பார்க் அடிக்கல் நாட்டினார்கள். மதுரையில் மாட்டுத்தாவணி, திருச்சியில் பஞ்சப்பூர். இரண்டு இடத்தின் பெயரையும் கேட்டவுடன் எனக்கு சந்தோஷமாக இருந்தது. இரண்டுமே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்! விலக்குக் கடைத் தத்துவம் கடைசியில் ஜெயித்துவிட்டது என்று தோன்றியது. கடற்கரையில் கப்பலும் டிராமும் செய்த வேலையை அங்கே பஸ் செய்யப் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ பஸ் ஏறுகிற பிள்ளை ஊர்ப் பக்கத்திலேயே வேலை தேடலாம் என்ற நினைப்பே இனிக்கிறது.

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வேறு, மதுரை ஜங்ஷன் வேறு. விருதுநகர் – தென்காசி ரயில் பாதை 1927இலேயே நமக்கு வந்துவிட்டது. காலையில் மதுரையில் வேலைக்கு இறங்கி, சாயங்காலம் வீடு திரும்ப வசதியான நேரத்தில் ரயில் உண்டா? ஜங்ஷனிலிருந்து மாட்டுத்தாவணிக்கு நிற்காமல் போகும் பஸ் உண்டா? திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை மெட்ரோ என்று பல வருடமாகப் பேசுகிறார்கள். நம் கொல்லம் ரோடு போய் முடிகிற இடம் திருமங்கலம்தான். அந்த மெட்ரோ வருமோ வராதோ, அதற்குள் பஸ்ஸையாவது ஒழுங்குபடுத்தலாமே. இதையெல்லாம் கட்டடம் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். திறந்த பிறகு கேட்டால் இருபது வருடம் ஆகும் என்பதற்குச் சிறுசேரி சாட்சி.

உங்களில் சிலர் நகரத் திட்டமிடலில், ரயில்வேயில், நெடுஞ்சாலைத் துறையில், கட்டுமானக் கம்பெனியில் இருக்கிறீர்கள். உங்கள் மேஜைக்கு ஒரு வரைபடம் வரும்போது, எத்தனை மாடி என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கே இறங்குவார்கள், எப்படி நடப்பார்கள் என்று பாருங்கள். மற்றவர்கள் வீடு வாங்கும்போதும் வேலை மாறும்போதும் சம்பளத்தோடு பயண நேரத்தையும் ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். சதுர அடி விலை குறைவு என்று விளம்பரத்தில் வரும் இடத்தில், மீதியை நேரமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

இப்போது நான் சொன்ன வேலை. உங்கள் ஆபீஸ் எந்த இடத்தில், வீட்டிலிருந்து எதில் போகிறீர்கள், கதவிலிருந்து கதவுக்கு எவ்வளவு நேரம் என்று கீழே எழுதுங்கள். சென்னை, பெங்களூர், துபாய், சிங்கப்பூர் எங்கே இருந்தாலும் சரி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு அட்டவணை போட்டு இங்கேயே பதிவிடுகிறேன். வரலாறு என்பது ராஜா கதை மட்டுமில்லை என்று வகுப்பில் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் தினமும் காலையில் ஏறுகிற பஸ்ஸும் வரலாறுதான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஹெல்மெட் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வன்னியம்பட்டி.